சாயங்காலம் என்ன பண்ணுவான்

ஹார்லோ ஊருக்குப் பையன் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குத்தான் போவார்கள். ஐஸைத் தேய்க்கிற வண்டி உள்ளே வரும் கதவுக்கு மேலே, வெளிச்சம் சரியாக விழாத ஒரு மூலை உண்டு. அங்கே ஆளுக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினாலும் சாலையில் பனி எப்படி, மோட்டலில் சுடுதண்ணீர் வருகிறதா என்பதோடு சரி. யாரைப் பார்க்க வந்தோம் என்பதை மட்டும் உயிர் போனாலும் சொல்ல மாட்டார்கள். பையன் தேறுவான் என்று பட்டுவிட்டால், கடைசியாக அவன் தங்கியிருக்கும் வீட்டுக்கு வருவார்கள். பெண் பார்க்க வருகிற மாதிரியேதான். காபி, ஏதாவது பலகாரம், ஊர்க்கதை, அப்புறம் விஷயம். பிடித்துப்போனால் கிளம்பும்போது பையனுடைய அப்பா அம்மாவின் போன் நம்பரைக் கேட்பார்கள். அணி அலுவலகத்தில் கேட்டாலே அந்த நம்பர் கிடைக்கும். ஆனாலும் வீட்டில் கேட்பதுதான் முறை. கேட்காமல் கோட்டை மாட்டிக்கொண்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம்.

பேட்ஜர்ஸ் அணிக்கு ஆட வெளியூர்களிலிருந்து வருகிற பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை ஊரார் வீட்டுக்கு ஒருவனாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் வெர்னா கொஸ்ட்யூக்கின் வீட்டுக்குத் தனி மதிப்பு. மற்ற வீட்டுக்காரிகள் தங்கள் பையனைப் பற்றிக் கேட்டால் தேனும் பாலுமாக ஓட விடுவார்கள். வெர்னாவுக்கு அது வராது. ஒருமுறை ஒரு பையனைப் பற்றி, "ஆட்டமும் நல்லா ஆடுவான், பொய்யும் நல்லா சொல்லுவான்" என்றாள். கேட்டவர் பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து அவள் வீட்டில் இருக்கும் பையனைப் பற்றி அவள் சொன்னதை யாரும் இன்னொரு வாயில் சரிபார்ப்பதில்லை.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குளிர்காலத்தில் இருட்டோடு எழுந்து, வண்டியைச் சூடேற்றி, பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவாள். சத்தம் போட்டால் ஒரு பார்வை போதும், பேருந்து அடங்கிவிடும். அவள் கணவன் ஓரெஸ்ட், மேற்கே கெலோனாவில் ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு கோடையில் கிளம்பிப் போனான். வீட்டையும் பார்த்தான், வீட்டுக்கு ஒரு பெண்ணையும் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. அவன் இருந்த நாளிலேயே ஒரு பையனை இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று அணிக்காரர் வந்து கேட்டார். அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை. ஒருவன் போனால் இன்னொருவன் வந்தான்.

வருவது ஆகஸ்ட் கடைசியில். போவது அணி தோற்று வெளியேறிய மறுநாள். அந்தக் காலையில் வெர்னா போர்வையையும் தலையணை உறையையும் உருவித் துவைக்கப் போடுவாள். அதற்கப்புறம் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும். அவளிடம் மாடு கிடையாது, ஆனாலும் மாட்டு விலையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தனியாக இருக்கிறாயே என்று யாராவது வாயைத் திறந்தால், "காலைலேர்ந்து பஸ்ஸுல காதைத் தின்னுறாங்க, வீட்டுலயாவது நிம்மதியா இருக்க விடுங்க" என்று வெட்டிவிடுவாள். தனிமை என்ற வார்த்தை அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

சாப்பாடு மட்டும் அவளைக் காட்டிக்கொடுக்கும். பையன்கள் இருந்தால் முதலில் அவர்களுக்குப் போடுவாள். அவர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு நண்பர்களோடு பறந்துவிடுவார்கள். பையன்கள் இல்லாத மாதங்களில் அதுவும் இல்லை. எப்படியானாலும் அவள் சட்டியிலிருந்தே, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றுகொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பாள். ஒரு ஆளுக்காக மேசை போடுவானேன் என்பது அவள் வாதம்.

வேட் லாவலே வந்தது இந்த ஆகஸ்டில். மனிடோபாவின் வடக்கே, ஆற்றங்கரையில் மரம் அறுக்கிற ஊர்க்காரன். தடுப்பாட்டக்காரன். வளர்ந்த வேகத்தில் கை எது கால் எது என்று அவனுக்கே குழப்பம் வரும் உயரம். முதல் வாரமே அவன் தன் தட்டை வழித்துச் சாப்பிட்ட பிறகு எழுந்திருக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினான்.

"உக்காருங்க வெர்னா."

"நீ சாப்பிட்டல்ல? போய் விளையாடு போ."

"இன்னும் பசிக்குது. தனியா சாப்பிட்டா ஒரு மாதிரி இருக்கு."

அவளும் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்து அவன் பாத்திரம் துடைப்பான். உள்ளே உருளைக்கிழங்கு வைத்து மடிக்கிற பெரோகிக்கு மாவை வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுப்பான், ஒன்றுகூட வட்டமாக இருக்காது. ஐஸில் கல் உருட்டுகிற கர்லிங் ஆட்டத்தை இருவரும் டிவியில் பார்ப்பார்கள். அவனுக்கு அது புரியவே இல்லை. அவள் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள். ரேடியோவுக்கு வேலை இல்லாமல் போனது. வெர்னாவுக்கு ஊரில் எல்லோரும் முன்பைவிடக் கொஞ்சம் நல்லவர்களாகத் தெரிய ஆரம்பித்தார்கள்.

ஐஸில் அவன் ஆளே வேறு. கோல் போடுகிறவனைத்தான் எல்லோர் கண்ணும் பார்க்கும். தடுப்பாட்டக்காரனின் தரம் அவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டுகிற நேரத்தில்தான் தெரியும். பக் என்கிற ரப்பர் வட்டை எதிரணி நம் மூலைக்குள் அடித்துத் தள்ளுகிறது. எடுக்க அவன்தான் ஓட வேண்டும். பின்னால் ஒருவன் அவனை ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோடு சேர்த்து நசுக்க வந்துகொண்டிருக்கிறான். சாதாரணப் பையன் பக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுவான், வாங்கிக் கட்டிக்கொள்வான். வேட் ஓடுகிறபோதே வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை, இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பான். எவன் வருகிறான், நம்மவன் எவன் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று இரண்டும் அவனுக்குத் தெரியும். அடி விழுமுன் பக் போக வேண்டிய மட்டைக்குப் போயிருக்கும். மூலையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் நவம்பரிலேயே முன்னால் சாய்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜூனில் பெரிய அணிகள் பையன்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிற நாளில் இவன் பெயர் வரும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

ஜனவரியில் ஒரு மாலை மர்ரே ஸ்டாங் வந்தார். பெரிய அணி ஒன்றுக்காக இந்தச் சமவெளி முழுக்கக் கார் ஓட்டி ஆள் பார்க்கிறவர். வெர்னாவின் மேசைக்குப் பழைய விருந்தாளி. பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"இந்த வருஷக் குளிரு காலையே எடுத்துடும் போல இருக்கு வெர்னா."

"சாக்ஸ்ல இவ்வளவு பெரிய ஓட்டைய வச்சுக்கிட்டுக் குளிரைக் குறை சொல்லாதீங்க. உக்காருங்க."

வேட் பயிற்சியிலிருந்து இன்னும் வரவில்லை. வெர்னா வெங்காயம் வதக்கி பெரோகியின் மேல் கொட்டினாள். மர்ரே இரண்டு விழுங்கிய பிறகு ஆரம்பித்தார்.

"சாப்பாடு எப்படி?"

"குதிரை தோத்துடும்."

"காலைல எந்திரிக்கிறானா?"

"ரெண்டு தடவை கத்தணும்."

"கோவம் வருமா?"

"ஒரே ஒரு தடவை கதவைப் படார்னு சாத்தினான். அப்புறம் வந்து கதவுகிட்ட மன்னிப்பு கேட்டான். என்கிட்ட கேக்கல."

மர்ரே சிரித்தார். அப்புறம் எப்போதும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சாயங்காலம் என்ன பண்ணுவான்?"

அந்தக் கேள்விக்காகவே வெர்னா காத்திருந்த மாதிரி இருந்தது. முகம் முழுக்க மலர்ந்துபோனது.

"என்கூடவே இருப்பான் மர்ரே. பாத்திரம் துடைப்பான், மாவு வெட்டுவான், டிவி பாப்பான். பசங்க வந்து கூப்பிட்டாலும் போகமாட்டான். இந்த வீட்டுக்கு இப்படி ஒரு பையன் வந்ததே இல்ல."

"ஒரு நாள்கூடப் போகமாட்டானா?"

"ஒரு நாள்கூட" என்றாள், பரிசு வாங்கினவள் போல.

மர்ரே கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வேட் உள்ளே வந்தான். தலைமுடியில் பனி, தோளில் ஆளுயரப் பை. மர்ரே கை குலுக்கிவிட்டு நேராகக் கேட்டார்.

"ஏம்ப்பா, பசங்களோட வெளிய போறதே இல்லையாமே. ஏன்?"

வேட் வாயைத் திறந்தான். அடுப்பருகே காபிக் கூஜாவோடு நின்ற வெர்னாவை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"வீட்டு ஞாபகம் வருது சார். அதான்."

காது இரண்டும் சிவந்துவிட்டது. வெர்னாவுக்கு நெஞ்சு இளகிப்போனது. பாவம் பிள்ளை, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறானே என்று நினைத்தாள். உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டாள். தன்னால் ஒருவனுக்கு ஆறுதல் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

"பெரோகி பிரமாதம் வெர்னா" என்று மர்ரே எழுந்தார். பூட்ஸை மாட்டினார். கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். கதவைத் திறந்தார், போனார்.

நம்பரைக் கேட்கவில்லை.

காரின் சிவப்பு விளக்கு தெருமுனையில் திரும்பும்போதுதான் அது வெர்னாவுக்கு உறைத்தது. கையிலிருந்த தட்டை அப்படியே மேசையில் வைத்தாள். சில வருடங்களுக்கு முன் கர்ட்டிஸ் என்று ஒரு பையன் இதே வீட்டில் இருந்தான். சாயங்காலமானால் வீட்டை விட்டு வெளியே போகமாட்டான், இரவில் போர்வைக்குள் அழுவான். "எடுக்காதீங்க மர்ரே, இவன் வீட்டை விட்டு நிக்கமாட்டான்" என்று இவள்தான் சொன்னாள். மர்ரே கேட்காமல் எடுத்தார். தெரியாத ஊர், ஓட்டல் அறை, வாரக்கணக்கில் பேருந்து. முதல் கிறிஸ்துமஸுக்கே அவன் மட்டையைப் போட்டுவிட்டு வீடு திரும்பினான். மர்ரே தன் ஆட்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலக் கேள்வியே அதற்கப்புறம் வந்ததுதான். அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் ஆபத்து என்று ஊரில் யாரையும்விட வெர்னாவுக்குத்தான் தெரியும். தெரிந்தும் ஆசையாக வாயைத் திறந்து அதையே சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை, பள்ளிக்கு வேடை அழைத்துப்போக, அணியில் கோல் காக்கிற டெவின் வந்தான். வேட் குளித்துக்கொண்டிருந்தான். டெவின் சமையலறையில் நின்றபடியே வாழைப்பழத்தை உரித்தான். அந்த வீட்டில் அவன் எதற்கும் அனுமதி கேட்பதில்லை.

"டெவின், அவன் வீட்டை நெனச்சு ரொம்பக் கஷ்டப்படுறானா? உங்ககிட்ட எதாவது சொன்னானா?"

"யாரு, வேடா?" டெவின் வாய் நிறையப் பழத்தோடு சிரித்தான். "அவங்கம்மா போன் பண்ணாலே 'அப்புறம் பேசுறேம்மா'ன்னு வச்சிடுவான். வீட்டு ஞாபகமாவது ஒண்ணாவது."

"அப்ப ஏண்டா உங்களோட வரமாட்டேங்கிறான்?"

டெவின் மெல்லுவதை நிறுத்தினான். குளியலறைப் பக்கம் பார்த்தான்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"சொல்லு."

"நாங்க தினம் கூப்பிடுவோம். அவன், 'நான் இல்லன்னா வெர்னா நின்னுகிட்டே சாப்பிடுவாங்கடா'ம்பான்."

வெர்னா பேருந்துச் சாவியைத் தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவி கையில்தான் இருந்தது. அன்று காலை முழுக்கப் பேருந்தில் பிள்ளைகள் என்ன கூத்தடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. இத்தனை மாதமாகத் தான் ஒரு பையனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தாளே, அவனல்லவா அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நேற்று மர்ரே கேட்டபோது அவள் நின்ற இடத்தை ஒரு பார்வை பார்த்தானே, அது அதற்குத்தான். அவள் காது கேட்க உண்மையைச் சொல்லக் கூடாது என்று தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். அதற்கு மேல் வலித்தது இன்னொன்று. யாருக்கும் தெரியாது என்று அவள் இத்தனை வருடம் மறைத்து வைத்ததை, ஒரு பதினேழு வயசுப் பையன் வந்த வாரமே பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் ஆட்டம் இருந்தது. பையன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் அந்த மூலைக்குப் போவதில்லை. போனால் சிபாரிசுக்குப் போனதாக ஊர் பேசும், பையனுக்கும் கெட்ட பெயர். பொத்தி வைத்த காபி பிளாஸ்க்கோடு வெர்னா எப்போதும் எதிர்ப்பக்கம் உட்காருவாள். அன்று ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் ஐஸில் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, அவள் அரங்கத்தைச் சுற்றி நடந்து நேராக அந்தப் படிகளில் ஏறினாள். பாதி ஊர் பார்த்தது. வறுத்த உருளைக்கிழங்கு விற்கிறவள் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தாள்.

மர்ரே எழுந்துகொண்டார். "வெர்னா, இங்க வேணாம். அப்புறம் பேசலாம்."

"இங்கதான் பேசணும். நேத்து நான் சொன்னது தப்பு."

"என்ன, பையன் வெளிய போறானா?"

"போகல. ஆனா அவனுக்கு வீட்டு ஞாபகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் பொய் சொன்னான்."

நாலு நாற்காலி தள்ளி இருந்தவர் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. வெர்னா அதைக் கவனித்தாள். கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"நான்தான் தனியா இருக்கேன் மர்ரே. அவன் இல்ல. அவன் வர்றதுக்கு முன்னாடி நான் நின்னுகிட்டே சாப்பிட்டுட்டிருந்தேன். அதைப் பாத்துட்டு அவன் தினம் என்னோட உக்காந்திருக்கான். என் முன்னாடி அதைச் சொல்ல அவனுக்கு மனசு வரல. அவ்வளவுதான். எனக்காக அவனை விட்டுடாதீங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓரெஸ்ட் போன நாளிலிருந்து வாயில் வராத வார்த்தை, இத்தனை பேர் நடுவில் வந்துவிட்டது.  கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மர்ரே ஐஸைப் பார்த்தார். கீழே வேட், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

"நேத்தே ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றார் மர்ரே. "வீட்டை விட்டு நிக்கமாட்டான்னு."

"மாத்திச் சொல்லுங்க."

"சொல்றேன். காலைல கூப்பிட்டுச் சொல்றேன்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா ஒண்ணு வெர்னா. நீங்க சொன்னா நான் நம்புவேன், அங்க இருக்கறவங்க நம்பணும்ல. அடுத்த மாசம் திரும்ப வருவேன். பசங்ககிட்ட கேப்பேன். அவன் சாயங்காலத்துல வெளிய போயிருக்கணும். தினமும் உங்க சமையலறையிலயே கெடந்தான்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"போவான்" என்றாள் வெர்னா.

"அவங்கப்பா அம்மா நம்பர் என்ன?"

அவள் மனப்பாடமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியிறங்கித் தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பாதி ஊர் இப்போது ஐஸைப் பார்ப்பதாகப் பாவனை செய்தது.

மறுநாள் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வேட் மேசையில் இரண்டு தட்டு வைத்துக்கொண்டிருந்தான். வெர்னா ஒன்றை எடுத்து அடுக்கில் திரும்ப வைத்தாள்.

"இன்னிக்கு டெவின் வீட்டுல சாப்பிடு. பௌலிங் போறாங்களாம், கூடப் போ."

"எனக்கு பௌலிங் பிடிக்காது."

"உனக்குக் கர்லிங்கும்தான் பிடிக்காது. அஞ்சு மாசமா பாக்கலியா?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். டெவின் சொல்லிவிட்டான் என்று புரிந்திருக்க வேண்டும். காது சிவக்க ஆரம்பித்தது.

"நீங்க..."

"நான் உக்காந்துதான் சாப்பிடுவேன். போதுமா? போடா."

"நெசமா?"

"நான் என்னிக்காவது பொய் சொல்லிக் கேட்டிருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினான். கோட்டை மாட்டிக்கொண்டு போனான். வெளியே டெவினின் கார் உறுமியது.

வெர்னா ஒரு தட்டில் முட்டைக்கோஸ் சுருளும் ரொட்டியும் எடுத்து வைத்து, ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தாள். அவன் வழக்கமாகத் தள்ளிவிடுகிற நாற்காலி அதுதான். கார் பின்னால் போய், திரும்பி, வீட்டைக் கடக்கும்போது மெதுவானது. முன்சீட்டில் வேட் தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பது தெருவிளக்கில் தெரிந்தது. அவள் முள்கரண்டியை உயர்த்திக் காட்டினாள். ஒரு வாய் எடுத்து, அவன் பார்க்கும்படி மென்றாள்.

கார் வேகமெடுத்துத் தெருமுனையில் திரும்பியது. சிவப்பு விளக்கு மறையும்வரை வெர்னா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரேடியோவைப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தொட்டியோரம் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள்.